கச்சான் காற்றிலும் காதில் விழும் காமெடி

கேள்வி: மண்டபத்தில் வசிக்கிறேன். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பாட்டு கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சிரிக்க வைக்கிற மாதிரி, நல்ல பேச்சு கேட்கிற மாதிரி பாட்காஸ்ட் சொல்லுங்கள். யூடியூபில் போட்டால் ஸ்கிரீன் அணைந்ததும் நின்றுவிடுகிறது. கடற்கரைக்குப் போனால் காற்றில் பாதி ஜோக் விழுவதே இல்லை. சிக்னலும் அடிக்கடி போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எதைக் கேட்பது என்பதற்கு முன்னால் காற்றைப் பார்த்துவிடுவோம். பாதி ஜோக் விழாததற்கு இயர்போனைக் குறை சொல்லிப் பயனில்லை. காமெடியில் சிரிக்க வைக்கிற வரி பெரும்பாலும் குரலைத் தாழ்த்தித்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி இருக்கும். காற்று முதலில் தின்பது இந்த இரண்டையும்தான். காதில் மோதும் காற்று ‘கும்’மென்று அடித்தொனியில் இரையும். அலை நுரைத்துச் சிதறும் சத்தம் மேல்தொனிவரை பரவி மெய்யெழுத்துகளை மூடிவிடும். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன சொன்னார்கள் என்பது தெரியாது.

மண்டபத்துக்காரர்களுக்கு ஒரு வசதி, இரண்டு பக்கமும் கடல். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் கரைதான் அதிகம் இரையும். வடகடல் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். எனவே அடங்கிய கரையில் நடக்கிற நாளில் காமெடி, இரைகிற கரையில் நடக்கிற நாளில் பேட்டியும் பேச்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் இரண்டு வாக்கியம் விட்டுப்போனாலும் தொடர்ந்து பிடித்துவிடலாம். ஜோக்கில் ஒரு சொல் போனால் போனதுதான். நேரத்தைப் பொறுத்தவரை விடிகாலை நல்லது. பிற்பகலில் கடல்காற்று ஏறிவிடும்.

சத்தத்தை அடக்கும் வசதி, அதாவது நாய்ஸ் கேன்சலிங், உள்ள இயர்பட்ஸ் வைத்திருந்தால் கடற்கரையில் அதை அணைத்துவிடுங்கள். அதற்கென்று வெளிப்பக்கம் இருக்கும் மைக்கில் காற்று நேராக மோதும்போது, பல மாடல்களில் இரைச்சல் குறைவதற்குப் பதில் கூடும். வெளிச்சத்தம் கேட்கவிடும் ‘டிரான்ஸ்பரன்சி’ முறையிலும் இதே தொல்லைதான். துப்பட்டாவோ மெல்லிய பருத்தித் துண்டோ காதை மூடும்படி சுற்றிக்கொள்வது இதைவிட நன்றாக வேலை செய்யும். போனில் தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருந்தால் பாஸை, அதாவது அடித்தொனியை, குறைத்து, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டைகளை 3 அல்லது 4 டெசிபல் ஏற்றுங்கள். பேச்சின் தெளிவு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வால்யூமை மட்டும் ஏற்றாதீர்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. போனில் 60 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குள் புரியவில்லை என்றால் மாற்ற வேண்டியது கரையை, அல்லது கேட்கிற விஷயத்தை.

யூடியூப் நின்றுபோவது பழுது அல்ல. நம் நாட்டில் கட்டணச் சந்தா இல்லாதவர்களுக்கு ஸ்கிரீன் அணைந்தால் அது ஓடாது. பாட்காஸ்ட்டுக்கென்றே உள்ள ஆப் ஒன்றைப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் இலவசம், ஆப்பின் விளம்பரமும் கிடையாது. ஸ்பாட்டிஃபையில் காசு கட்டாதவர்களும் பாட்காஸ்ட் எபிசோடுகளை டவுன்லோட் செய்துகொள்ளலாம். சிக்னல் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர எபிசோட் சுமார் 58 எம்பி பிடிக்கும். 64 என்றால் அதில் பாதி. தினசரி டேட்டாவில் மீதி இருப்பது நள்ளிரவில் காலாவதியாகும் பிளான் என்றால், தூங்கப் போகுமுன் இரண்டு எபிசோடை இறக்கி வைத்துவிடுங்கள்.

நடுவில் ஆப் தானாக மூடிக்கொண்டால் அது பேட்டரியை மிச்சப்படுத்த போன் செய்கிற வேலை. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

ஆப்புக்குள் இரண்டு மாற்றங்கள் அவசியம். மௌனத்தை வெட்டித் தள்ளும் ‘ஸ்கிப் சைலன்ஸ்’ இயங்கினால், காமெடிக்கு அதை அணையுங்கள். அது வெட்டுவது மௌனத்தை அல்ல, ஜோக்கின் பாதியை. வேகமும் காமெடிக்கு 1.0 தான், பேட்டிக்கு 1.2 வரை போகலாம். அடுத்து, இயர்போன் பட்டனில் ‘முந்தைய’ என்பதற்கு உரிய அழுத்தத்தை 10 நொடி பின்னால் போகும்படி மாற்றுங்கள். ஆன்டெனாபாடில் பிளேபேக் செட்டிங்ஸில் இது இருக்கிறது. பெரிய அலையோ மீன் வண்டியோ ஒரு வரியை விழுங்கினால் போனை வெளியே எடுக்காமலே மீண்டும் கேட்கலாம். உப்புக் காற்றில் வியர்த்த கையோடு ஸ்கிரீனைத் தடவிக்கொண்டே நடப்பது பெரிய அவஸ்தை.

இனி எதைக் கேட்பது. தமிழில் நடைக்கு முதலில் சொல்ல வேண்டியது தென்கச்சி கோ. சுவாமிநாதன் அகில இந்திய வானொலியில் பேசிய ‘இன்று ஒரு தகவல்’. அவர் 2009-ல் மறைந்துவிட்டாலும் பதிவுகள் இணையத்தில் உலவுகின்றன. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். நிதானமான ஒரே சீரான குரல், கடைசியில் ஒரு நகைச்சுவை. வானொலிக்கென்றே பேசியது என்பதால் முகபாவத்தை நம்பி ஒரு வரியும் இல்லை. இரைகிற கரைக்கும் தாங்கும் காமெடி என்றால் இதுதான்.

சாலமன் பாப்பையா, ராஜா, பாரதி பாஸ்கர் பட்டிமன்றங்களும் காதுக்கேற்றவையே. ஆனால் அரங்கில் பதிவானவற்றில் ஒரு சிக்கல் உண்டு: பேச்சைவிடக் கைதட்டலும் சிரிப்பும் சத்தமாக இருக்கும். பேச்சு கேட்பதற்காக வால்யூமை ஏற்றினால் கைதட்டல் காதை அறையும். இவற்றை அடங்கிய கரைக்கு அல்லது தெருவுக்குள் நடக்கிற நாளுக்கு வையுங்கள். யூடியூபில் மட்டும் கிடைப்பதைக் காய்கறி நறுக்கும்போது கேட்டுக்கொள்ளலாம். கிரேஸி மோகனின் மேடை நாடகங்கள் வசனத்திலேயே ஓடுகிறவை, ஆடியோவாகக் கிடைத்தால் நன்றாகவே எடுபடும். ஆனால் வரிக்கு வரி ஜோக் என்பதால் காற்றில்லாத நாள்தான் சரி. ஸ்டாண்ட்அப்பில், ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான அலெக்சாண்டர் பாபுவைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அவருடைய நிகழ்ச்சியில் பாட்டு உண்டு, அது காதுக்குச் சரி. உடல்மொழியும் சேர்ந்தே வேலை செய்வதால் வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு, நடையில் மறுபடி கேட்பதுதான் நல்ல வழி. கதை கேட்கப் பிடிக்கும் என்றால் தீபிகா அருணின் ‘கதை ஓசை’ இருக்கிறது, தெளிவான வாசிப்பு.

ஆங்கிலம் பழக்கமென்றால் பிபிசியின் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ உங்கள் முக்கால் மணி நேரத்துக்கு ஏறத்தாழ அளவெடுத்துத் தைத்தது. 1942 முதல் வரும் நிகழ்ச்சி: யாருமில்லாத தீவில் மாட்டிக்கொண்டால் எந்த எட்டு இசைத்தட்டுகள் வேண்டும் என்று ஒருவரைக் கேட்பார்கள், அதன் வழியே அவருடைய வாழ்க்கை வெளியே வரும். சிரிக்க என்றால் ‘நோ சச் திங் அஸ் எ ஃபிஷ்’. 2014-ல் தொடங்கியது, நான்கு பேர், ஆளுக்கொரு விசித்திரமான தகவல், அதன்மேல் கலாட்டா. பிரிட்டிஷ் உச்சரிப்பில் விரைவாகப் பேசுவார்கள், முதல் சில எபிசோடுகளை 0.9 வேகத்தில் கேளுங்கள். அமெரிக்கப் பேச்சு எளிது என்பவர்களுக்கு ‘கோனன் ஓ’பிரையன் நீட்ஸ் எ ஃப்ரெண்ட்’. அமித் வர்மாவின் ‘தி சீன் அண்ட் தி அன்சீன்’ ஆழமான உரையாடல், ஆனால் பல எபிசோடுகள் நான்கு மணி நேரத்தைத் தாண்டும். ஒன்றை இறக்கினால் ஒரு வாரம் ஓடும்.

டவுன்லோட் எதுவும் இல்லாத நாளில் வானொலி இருக்கிறது. பாம்பனில் 2016 முதல் இயங்கும் கடல் ஓசை எஃப்எம் 90.4, மீனவர்களுக்கான சமுதாய வானொலி. இந்தக் கரையில் இலங்கைத் தமிழ் எஃப்எம்களும் அவ்வப்போது நன்றாக எடுக்கும். அறிவிப்பாளர்களின் பேச்சுக்காகவே கேட்கலாம். போன் எஃப்எம்முக்கு வயர் இயர்போன் வேண்டும், அந்த வயர்தான் ஆன்டெனா. புளூடூத் மட்டும் வைத்திருந்தால் எடுக்காது.

சாலையோரம் நடந்தால் ஒரு காது மட்டும். வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடந்தால் சாலை உங்கள் இடப்பக்கம் இருக்கும். ஆகவே இடது காதைத் திறந்து விட்டு வலது காதில் மாட்டுங்கள். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: சில பேட்டிகளில் கேட்பவர் குரலை ஒரு காதுக்கும் பதில் சொல்பவர் குரலை மறு காதுக்கும் சாய்த்துப் பதிந்திருப்பார்கள். ஒரு காதில் கேட்டால் கேள்வி தெளிவாக வரும், பதில் கிணற்றுக்குள்ளிருந்து வரும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் ‘மோனோ ஆடியோ’வை இயக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பாம்பன் சாலைப் பாலத்தில் ஒரு காதும் வேண்டாம். அங்கே காற்றும் பலம், வேடிக்கை பார்க்க நிறுத்தும் வண்டிகளும் ஏராளம். விடியுமுன் கிளம்புகிறவர்கள் தெருநாய்கள் அடங்கும்வரை எதையும் போடாமல் நடப்பது நல்லது.

வேகத்துக்கு ஒரு சொல். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் மிதமான வேகம். காமெடி கேட்கிறவர்கள் சிரிக்கும்போது தம்மை அறியாமல் தளர்ந்துவிடுவார்கள். முதல் பதினைந்து நிமிடம் பேச்சு, வேகம் பிடித்தபின் காமெடி என்று வரிசைப்படுத்துங்கள். உலர்மணலில் கால் புதைய நடந்தால் கெட்டித் தரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும். அங்கே சிரிக்க மூச்சு மிஞ்சாது. அலை நனைத்து இறுகிய ஓரமே போதும்.

கடைசியாக, உப்பு. இயர்பட்ஸ் வாங்கினால் குறைந்தது ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்க வேண்டும். அது வியர்வைக்கும் தெறிக்கும் நீருக்கும்தான், கடலில் விழுந்தால் காப்பாற்றாது. நடந்து வந்த ஈரத்தோடு சார்ஜிங் கேஸுக்குள் வைத்து மூடாதீர்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளை அரித்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். நல்ல தண்ணீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்தபின் கேஸில் போடுங்கள். மணல் அடைத்திருந்தால் இயர்பட்ஸில் சத்தம் வரும் சிறு வலையைத் தரைப்பக்கமாகத் திருப்பிப் பிடித்து, உலர்ந்த மென்மையான டூத்பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் மணல் உள்ளேதான் போகும். அரிசிப் பானையில் புதைப்பதும் வேண்டாம், தவிட்டுத் தூசி வலையில் ஒட்டும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை ஒரு மூடிபோட்ட டப்பாவில் போட்டு, இரவில் அதில் வைத்தால் போதும்.