பாய் ஆர்டர் எடுக்கும் இணையதளம்: வீட்டில் சர்வர் வைக்கலாமா, டேட்டா சென்டருக்குப் போகலாமா?

கேட்டிருப்பது இதுதான்: சேரன்மகாதேவியில் அப்பா பத்தமடைப் பாய் வியாபாரம் செய்கிறார், ஆர்டர் எடுக்க ஒரு தளம் தயாராகிவிட்டது, வீட்டில் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்பிலேயே அதை ஓட்டலாமா, இல்லை மாதாமாதம் பணம் கட்டி டேட்டா சென்டரில், அதாவது பலருடைய சர்வர்களை ஒரே இடத்தில் வைத்து ஓட்டும் கட்டிடத்தில், வைக்க வேண்டுமா?

ஆர்டர் எடுக்கும் தளத்தை வீட்டில் வைக்காதீர்கள். பாளையங்கோட்டையில் என் வீட்டிலேயே ஒரு சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்த வேலையும்கூட. இருந்தும் உங்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எல்லோரும் முதலில் இன்டர்நெட் வேகத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இப்போதுள்ள பைபர் இணைப்பின் அப்லோடு வேகமே ஒரு சின்னக் கடைக்குத் தாராளம். சிக்கல் கரண்டில்தான் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் திரும்பி வர மதியம் 2 மணி ஆகிவிடும். ஒரு தளம் 99.9 சதவீத நேரம் இயங்க வேண்டுமென்றால் வருடம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 8 மணி 45 நிமிடம்தான் நிற்கலாம், இப்படி இரண்டு பராமரிப்பு நாள் வந்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள், சரி, நல்ல நிலையில் உள்ள 150 ஏஹெச் பேட்டரி ஒரு டெஸ்க்டாப்பையும் ரவுட்டரையும் மட்டும் என்றால் அந்த ஐந்து மணி நேரம் தாங்கும்; ஆனால் உங்கள் வீட்டு பைபர் போய்ச் சேருகிற இடத்தில், இணைப்பு கொடுக்கும் அண்ணாச்சி வைத்திருக்கும் பெட்டியில் பேட்டரி இறங்கிவிட்டால் உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டும்போது கேபிள் அறுந்தாலும் இதே கதிதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஊருக்குள் வந்தது, கரண்டும் போனும் பல இடங்களில் நாள்கணக்கில் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் தளம் வெளியூரில் இருந்தால், சென்னையிலோ துபாயிலோ இருக்கும் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் உள்ளே போய் ‘வெள்ளம், பார்சல் அனுப்பத் தாமதமாகும்’ என்று ஒரு வரி போட முடியும். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்த பாய்க்கு முன்பணம் கட்டியவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்கு இருக்கும் எண் விலாசம். ரவுட்டருக்குள் போய் வெளிப்பக்க ஐபி என்னவென்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் உங்கள் இணைப்பு பலருக்கும் பொதுவான முகவரிக்குப் பின்னால் இருக்கிறது, வெளியிலிருந்து ஐபிவி4 (பழைய வகை ஐபி முகவரி) வழியாக யாரும் நேராக உங்கள் கம்ப்யூட்டருக்கு வர முடியாது. தனி ஐபி கேட்டு வாங்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். கிளவுட்ஃபிளேர் டனல் போட்டும் சமாளிக்கலாம் (உங்கள் கம்ப்யூட்டரே கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தோடு இணைப்பு வைத்துக்கொள்ளும், தளத்துக்கு வருகிறவர்கள் அதன் வழியாக வருவார்கள்), என் வீட்டில் அப்படித்தான். ஆனால் கரண்ட் போனால் டனலும் போகும்.

செலவு மிச்சம் என்பதும் பாதிதான் உண்மை. டெஸ்க்டாப் 100 வாட் இழுத்தால் மாதம் 72 யூனிட், இரண்டு மாத பில்லில் 144. இலவச 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும், ஃபேனும் பிரிட்ஜும் அதற்கு மேல்.

டேட்டா சென்டர் என்றதும் சொந்த மெஷினைக் கொண்டுபோய் ரேக்கில் மாட்டுவது என்று நினைக்க வேண்டாம், அது உங்கள் அளவுக்குத் தேவையே இல்லை. சென்னையிலோ மும்பையிலோ மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன விபிஎஸ், அதாவது அவர்களுடைய பெரிய சர்வரில் உங்களுக்கென்று பிரித்துத் தரும் ஒரு பகுதி, போதும். அங்கே ஜெனரேட்டர், குளிரூட்டல், ஒன்றுக்கு மேற்பட்ட இணைய வழிகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அப்டேட் போடுவதும் பாஸ்வேர்டைப் பத்திரமாக வைப்பதும் உங்கள் பொறுப்புதான், அதிலிருந்து எங்கே வைத்தாலும் தப்பிக்க முடியாது.

பேக்கப்பையும் அவர்களிடமே விட்டுவிடாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று முழுதாக எரிந்தது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். உங்கள் டெஸ்க்டாப்புக்கு நல்ல வேலை இதுதான்: தினம் ராத்திரி விபிஎஸ்ஸிலிருந்து டேட்டாபேஸையும் பாய்களின் படங்களையும் அது இழுத்து வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் மாதம் ஒரு தடவை அந்தப் பேக்கப்பை வைத்து தளத்தை வீட்டிலேயே எழுப்பிப் பாருங்கள், சர்வர் வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. டொமைனை (தளத்தின் இணையப் பெயரை) மட்டும் தளம் செய்து கொடுத்தவர் பெயரில் விடாமல் அப்பா பெயரிலோ உங்கள் பெயரிலோ பதிந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.