நாரி நோவும் ஸ்கானும்: ஓர் இயன்மருத்துவரின் பதில்கள்

பரந்தனிலிருந்து: அண்ணா, ஆறு மாதமாக நாரி (கீழ்முதுகு) நோ. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அப்ப ஏன் நோகுது?

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும் தம்பி, தசை தெரியாது. முள்ளந்தண்டை ஒட்டி இரண்டு பக்கமும் மல்டிபிடஸ் என்ற ஆழமான தசை இருக்கிறது. முள்ளெலும்புகளை நிலையாகப் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. நாரி நோ உள்ள பலருக்கு அது மெலிந்து, உள்ளே கொழுப்பும் படிகிறது. 1990களில் ஆஸ்திரேலியாவில் அல்ட்ராசவுண்டால் அளந்தபோது, நோகிற பக்கத்திலேயே தசை சிறுத்திருந்தது. நோ நின்ற பிறகும் அது தானாகப் பழைய அளவுக்கு வரவில்லை. அதனால்தான் நோ குறைந்ததும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்று எல்லாரிடமும் மன்றாடுகிறேன்.

முள்ளியவளையிலிருந்து: 2009இல் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இடுப்பில் இருக்கு. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

அக்கா, வன்னியில் எம்.ஆர்.ஐ.க்குப் போகிற ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வி இது. அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். இரும்பு கலந்த துண்டு அசையலாம், சூடேறலாம். முள்ளந்தண்டு, கண், இரத்தக்குழாய் அருகில் இருந்தால் ஆபத்து கூட. ஆறி மறந்துபோன சின்னத் துண்டானாலும், அவர்கள் கேட்காவிட்டாலும், நீங்களாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இடம் பார்த்த பிறகு கதிரியக்க வைத்தியர் முடிவெடுப்பார்.

தசையை மட்டும் பார்க்க அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் போதும். காந்தமும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்து, நாரியில் ஜெல் பூசிப் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கக் கையைத் தூக்கச் சொல்வார்கள். அந்த நேரம் தசை தடிப்பது திரையில் அப்படியே தெரியும். சரியாக வேலை செய்யாத தசை அவ்வளவு தடிக்காது. பயிற்சி செய்பவரும் திரையைப் பார்த்தபடியே தன் தசையை இறுக்கிப் பழகலாம்.

புளியங்குளத்திலிருந்து: எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் தசையில் கொழுப்பு என்று போட்டிருக்கு. சாப்பாட்டைக் குறைக்கவா?

அது வயிற்றுக் கொழுப்பு மாதிரி இல்லை. சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் போகாது, தசைக்கு வேலை கொடுக்கவேண்டும். வயது போனால் நோவே இல்லாதவர்களிடமும் இது தெரியும். படத்தை மட்டும் வைத்துப் பயப்படவேண்டாம்.

முல்லைத்தீவிலிருந்து: கரைவலை இழுத்த அப்பாவுக்கு நேற்று நாரி பிடித்துவிட்டது. உடனே ஸ்கான் எடுக்கவா?

தேவையில்லை. அநேகமாகச் சில கிழமைகளில் குறையும். படுத்தே இருக்கவிடாமல் மெல்ல நடக்கவிடுங்கள். ஆனால் சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலம் குறைந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.