அம்மாவின் மணிக்கட்டில் நீலத் தழும்பு

கேள்வி: முதியோர் இல்லத்தில் இருக்கும் என் தாயாரின் இரு மணிக்கட்டுகளிலும் நீலத் தழும்பு தெரிகிறது. கேட்டால், அருகில் நிற்கும் பணிப்பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கட்டிலில் இடித்துக்கொண்டேன்" என்கிறார். நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா?

– வாசகி, கோவை

பதில்: இல்லை, சகோதரி. வயதானவர்களின் தோல் மெல்லியது. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறு இடியிலும் கன்றிப்போகும் என்பது உண்மைதான். ஆனால் இரு மணிக்கட்டுகளிலும் ஒரே மாதிரி வளையமாகத் தழும்பு இருந்தால், கையைக் கட்டிவைத்தார்களோ, இறுக்கிப் பிடித்தார்களோ என்று கேட்டே ஆக வேண்டும். பதில் சொல்லுமுன் பணிப்பெண்ணைப் பார்த்தாரே, அந்தப் பார்வை என்னைத் தழும்பைவிட அதிகம் கலங்க வைக்கிறது.

அடுத்த முறை சொல்லாமல் செல்லுங்கள். தனியாக உட்கார்ந்து பேசுங்கள். முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் உள்ளதா, உடல் மெலிந்திருக்கிறதா, பகலிலும் மயக்கமாகத் தூங்குகிறாரா என்று பாருங்கள். தழும்புகளைத் தேதியுடன் படமெடுத்து, வெளி மருத்துவர் ஒருவரிடம் காட்டி எழுத்தில் அறிக்கை பெறுங்கள். அவரைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும் வரை பணியாளர்களிடம் சண்டையிட வேண்டாம். அந்தக் கோபம் இரவில் அவர்மீதுதான் திரும்பும்.

பிறகு மாவட்டச் சமூக நல அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகை ரசீது வாங்குங்கள். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567 வழிகாட்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே 112-ஐ அழையுங்கள்.