பூர்வீக வீட்டை அருங்காட்சியகமாக்க நினைக்கும் மகள்: என்ன படிப்பு, என்ன வேலை?

கேள்வி: மகள் பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டு படிக்கிறாள். காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டை, அறக்கட்டளை ஒன்றை ஆரம்பித்து அருங்காட்சியகமாக நடத்தப் போகிறேன் என்கிறாள். பி.எட். சேரச் சொன்னால் காதில் வாங்கவே இல்லை. இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

பதில்: முடியும் அம்மா. ஆனால் உங்கள் மகள் வரிசையை மாற்ற வேண்டும். வீட்டைத் திறந்துவிட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறாள். தொழிலைக் கற்ற பிறகுதான் வீட்டைத் தொட வேண்டும். கூரை ஒழுகாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் வீடு இன்னும் ஐந்து வருஷம் காத்திருக்கும்.

முதலில் படிப்பு. இதற்கென்றே எம்.ஏ. அருங்காட்சியகவியல் இருக்கிறது. பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம், கல்கத்தா பல்கலைக்கழகம், நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனம் ஆகிய இடங்களில் படிக்கலாம். நான்குமே தமிழ்நாட்டுக்கு வெளியேதான். அனுப்ப மனம் வராவிட்டால், இங்கேயே தொல்லியலில் எம்.ஏ. முடித்து, ஓர் அருங்காட்சியகத்தில் பயிற்சியாளராக ஒரு வருஷம் உட்காரட்டும். கண்காட்சி வடிவமைப்பை விடப் பதிவேடு, சேமிப்பறை, வரவு செலவு ஆகிய மூன்றையும் கற்றுத் தரும் இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930லிருந்தே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இவளுடைய கனவுக்கு இன்னும் நெருக்கமானது. 1984ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, பழைய வீடுகளை அவற்றின் ஊரிலேயே பிரித்து, கொண்டுவந்து மறுபடி எழுப்பி, 1996ல் திறந்தது. செட்டிநாட்டு வீடும் அங்கே உண்டு. நுழைவுச்சீட்டோடு பயிலரங்கு, விருந்தினர் அறை, கைவினைக் கடை என்று அங்கே எத்தனை வழியில் பணம் வருகிறது என்பதை அவள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஏன் எண்ண வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு. நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், தினம் 40 பேர், வருஷத்தில் 300 நாள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வரவு 6 லட்சம். காவலுக்கு இரண்டு பேர், துப்புரவுக்கு ஒருவர், வழிகாட்டி ஒருவர், அலுவலகத்தில் ஒருவர், ஆளுக்கு மாதம் 15,000 என்றால் சம்பளம் மட்டும் 9 லட்சம். ஒரு ஓடு மாற்றுவதற்கு முன்பே 3 லட்சம் துண்டு விழுகிறது. சீட்டு விற்றே வண்டி ஓடும் என்று நம்பித் திறந்த வீடுகள் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டத் திணறும். அந்தத் துண்டை யார், எத்தனை வருஷம் ஈடுகட்டுவார்கள் என்று தாளில் எழுதிய பிறகே பூட்டைத் திறக்க வேண்டும்.

நன்கொடை வரும் என்பாள். வரும், ஆனால் உடனே வராது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர், பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படியே கிடைக்கும். ஆனால் அந்த நிறுவனமே தொடங்காத வெளி அறக்கட்டளைக்கு அந்தத் துறையில் குறைந்தது 3 வருஷம் வேலை செய்த சான்று வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ பதிவுக்கும் 3 வருஷம் நடந்திருக்க வேண்டும், அதோடு 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் காட்ட வேண்டும். ஆக முதல் மூன்று வருஷம் குடும்பப் பணம், ஊர்க்காரர்கள், வெளிநாட்டுக் குடியுரிமை இல்லாத நண்பர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு தவறான நினைப்பு, லாப நோக்கற்றது என்றால் சம்பளம் கிடையாது என்பது. சம்பளம் வாங்கலாம். மிச்சத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளத்தான் கூடாது. ஆனால் மகள் அறங்காவலராகவும் இருந்து சம்பளமும் வாங்கினால், அல்லது அறக்கட்டளை உங்களுக்கே வீட்டு வாடகை கொடுத்தால், அந்தத் தொகை ஊர் நிலவரத்துக்கு ஒத்ததுதானா என்று வருமான வரித்துறை துருவும்; வரிவிலக்கே ஆட்டம் காணலாம். அறக்கட்டளைப் பத்திரத்தில் ‘கலாச்சார வளர்ச்சி’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். வருமான வரிச் சட்டத்தில் ‘கலை, வரலாற்று முக்கியத்துவம் உள்ள இடங்களையும் பொருள்களையும் பாதுகாத்தல்’ தனி வகையாகவே இருக்கிறது. அந்தச் சொற்களையே நோக்கமாக எழுத வேண்டும். பொதுவாக எழுதினால் ‘பொதுப் பயன்பாடு’ என்ற வகைக்குள் தள்ளப்பட்டு, கட்டணம் வாங்கிச் செய்யும் வேலைகளின் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வந்து உட்காரும். முகப்பைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதற்கு எப்படியும் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும். 2025 சட்டத்தில் பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டதால், பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதும் ஆளிடம் போகாமல், அறக்கட்டளை வேலை தெரிந்த ஆடிட்டரிடம் போங்கள்.

இத்தனைக்கும் முன்னால் நிற்பது பங்காளிகள். செட்டிநாட்டு வீட்டில் ஒரே வளவில் பல புள்ளிகளுக்கு, அதாவது மணமான தம்பதிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். வாய்ச் சம்மதம் போதாது. எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட்ட, பதிவு செய்த நீண்டகாலக் குத்தகை அறக்கட்டளையின் பெயரில் வேண்டும். அது இல்லாத கட்டடத்தில் யாரும் பணம் போட மாட்டார்கள். போட்டுச் சீரமைத்த பிறகு ஒரு பங்காளி பெட்டகசாலையைத் தனக்குப் பூட்டிக்கொண்டால் வழக்குத்தான் மிஞ்சும்.

இனி அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று ஒரு பொருளை வைத்தே காட்டிவிடலாம். ஒருவர் தன் அப்பத்தாவின் மரப்பெட்டியைக் கொடுக்கிறார். முதலில் நன்கொடைப் பத்திரம், இரு தரப்பும் கையெழுத்து. இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்துப் பேரன் வந்து ‘இரவலாகத்தான் கொடுத்தோம்’ என்பான். பிறகு எண்: 2026.4.1 என்றால் 2026ல் வந்த நான்காவது நன்கொடையின் முதல் பொருள். பொருள் தொலைந்தாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. பெட்டியின் அடியில் பாரலாய்டு பி-72 என்ற, பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய பிசின் பூச்சு ஒரு கோடு, காய்ந்ததும் அதன்மேல் மையால் எண், அதற்குமேல் இன்னொரு பூச்சு. வேண்டும்போது அசிட்டோனில் துடைத்து எடுத்துவிடலாம். துணி என்றால் பருத்தி நாடாவில் எழுதித் தைப்பது. தாள் என்றால் மென்மையான பென்சில். ஸ்டிக்கர் ஒட்டினால் பசை மரத்தில் இறங்கிக் கறையாகும். பொருள் 100 வருஷத்துக்கு மேற்பட்டதா என்பதையும் அங்கேயே பார்க்க வேண்டும். அந்த வயதைத் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவற்றை 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்லியல் துறையில் பதிய வேண்டும்.

கட்டடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு உப்பிப் பொரியும். பக்கத்துத் தூணில் கறையானும் ஏறும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். ஏசி போடுவதும் அப்படித்தான்: பகலில் ஓடி இரவில் நிறுத்தினால் ஈரப்பதம் ஏறி இறங்கி மரம் வெடிக்கும், படத்தில் பூஞ்சை படரும். முற்றத்து வெளிச்சம் கண்ணுக்கு அழகு, பழைய புகைப்படத்துக்குக் கேடு. தாளுக்கும் துணிக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும்; நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டும். பட்டாலையில் நகலை மாட்டிவிட்டு, அசலை இருட்டறையில் வைப்பதே நல்லது. ஓடு மாற்றுவதையும் தகரக் கால்வாய் சுத்தம் செய்வதையும் ஆடி, ஆவணிக்குள் முடிக்காவிட்டால் ஐப்பசியில் வாளி ஏந்தித்தான் நிற்க வேண்டும்.

சொந்த வீட்டுத் திட்டம் நின்றுபோனாலும் இந்தப் படிப்பு வீணாகாது. தனியார் தொகுப்புகளுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் ஆள் வேண்டும். அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு எப்போதாவது வரும், இடங்கள் சொற்பம். அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஆரம்பம் குறைவுதான், அதை மறைப்பதில் பயனில்லை. பதிவேட்டோடு நிதி விண்ணப்பமும் எழுதத் தெரிந்தவளை எந்த அமைப்பும் எளிதில் விடாது. தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதப் பழகட்டும்.

பி.எட். சண்டையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அடுத்த முறை முன்னோர் வழிபாடான படைப்புக்கோ பொங்கலுக்கோ வீட்டைத் திறக்கும்போது, உள்ளே இருக்கும் இருபது பொருளை அளந்து, நான்கு பக்கமும் படமெடுத்து, யாருடையது, எப்போது வந்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பதிவேடு எழுதச் சொல்லுங்கள். ஒரு பொருளுக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். இருபதையும் சலிக்காமல் முடித்தால் நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள், நேர்காணல் இருந்தால் அந்த நோட்டையும் கொண்டுபோகட்டும். ஐந்தாவதிலேயே கைபேசியை எடுத்துவிட்டால், பி.எட். விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.