மீக்கடத்தி டையோடு: தடையே இல்லாத இடத்தில் ஒருவழி எப்படி?

கேள்வி: மீக்கடத்தியில், அதாவது குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருளில், மின்னோட்டம் எப்படி ஒரு பக்கம் மட்டும் போகும்?

மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சிலிக்கான் டையோடைக் கடைமடை மதகின் ஷட்டராக நினைக்கலாம்: கடல்நீர் எதிர்த்து ஏறினால் அடைத்துக்கொள்ளும். மீக்கடத்தி டையோடில் ஷட்டரே கிடையாது. அதை வாய்க்கால் கரையாகப் பாருங்கள். ஓர் அளவுவரை தாங்கும், மீறினால் உடையும். அந்த எல்லைதான் மாறுநிலை மின்னோட்டம். இரு திசைக்கும் அது வேறுபட்டால் டையோடு தயார்.

முன்திசையில் 12 மில்லிஆம்பியர், பின்திசையில் 10 என்று வைப்போம். 11 செலுத்தினால் முன்னே தடை சுழியம்; பின்னே மீக்கடத்தல் முறிந்து சாதாரணத் தடை வந்துவிடும். திறன், வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தது: 2/22, சுமார் 9 சதவீதம். 10-க்குக் கீழே அது இருபுறமும் கடத்தும் வெறும் கம்பிதான். பலர் தவறவிடுவது இதைத்தான்.

வேறுபாடு வர, பொருளின் இடத் திருப்பச் சமச்சீரும் (அமைப்பைத் தலைகீழாகப் புரட்டினாலும் மாறாமை) காலத் திருப்பச் சமச்சீரும் (காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் மாறாமை) குலைய வேண்டும். 2020-இல் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு நியோபியம், வனேடியம், டாண்டலம் மென்படலங்களை மாறிமாறி அடுக்கி முதலாவதையும், காந்தப்புலம் கொடுத்து இரண்டாவதையும் குலைத்து இதைக் காட்டியது.

அளவீட்டில் ஏமாற்றுவது சிக்கிய காந்தச் சுழல்கள், அதாவது படலத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்ட காந்தப்புல இழைகள். மாறுநிலை வெப்பநிலைக்கு (மீக்கடத்தல் மறையும் வெப்பநிலை) மேலே சூடாக்கி, புலமின்றி மீண்டும் குளிர்வியுங்கள். ஒவ்வொரு திசையையும் சுழியத்திலிருந்தே ஏற்றுங்கள். இறங்குமுகத்தில் படலம் சூடாக இருப்பதால் எல்லை குறைவாகத் தெரியும். பிறகு புலத்தைத் திருப்புங்கள். புலத்தால் வந்த விளைவானால் டையோடின் திசையும் திரும்பும். திரும்பாவிட்டால் முதலில் மின்மூலத்தின் ஆஃப்செட்டை, அதாவது சுழியம் வைத்தாலும் கசியும் சிறு மின்னோட்டத்தை, சோதியுங்கள்.