மலரடியா, அடிமலரா?

கே: பத்தாவது படிக்கும் என் மகள் ஆங்கிலப் பாடத்துக்காக சிமிலி, மெட்டஃபர், அலிட்டரேஷன் என்று ஒரு பட்டியலையே மனப்பாடம் செய்கிறாள். கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஒரு வரியைக் காட்டி இது எது என்றால் முழிக்கிறாள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

ப: முதலில் அந்தப் பட்டியலை மூடி வைக்கச் சொல்லுங்கள். அதில் பாதி அவளுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழ் வகுப்பில் வேறு பெயரில் படித்ததுதான், இரண்டையும் யாரும் சேர்த்துக் காட்டவில்லை, அவ்வளவே.

மலரடி என்றால் மலர் போன்ற அடி, உவமை. திருப்பிப் போட்டு அடிமலர் என்றால் அடியே மலர், அது உருவகம். சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் உள்ள வித்தியாசமும் இதேதான். ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ பாட்டில் ‘லைக் எ டைமண்ட்’ என்று வருகிறதே, அந்த ‘லைக்’ இருப்பதால் அது சிமிலி. லைக்கைத் தூக்கிவிட்டு நட்சத்திரத்தையே வைரம் என்று கூப்பிட்டால் மெட்டஃபர்.

அதே பாட்டில் ஸ்டார், ஆர் என்று அடியின் கடைசியில் ஓசை ஒத்து வருவது ரைம். இதை எதுகை என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் கொஞ்சம் கோபமும் உண்டு. கடைசியில் ஒத்தால் இயைபு. இரண்டாம் எழுத்து ஒன்றினால்தான் எதுகை, ‘கற்க’ என்று தொடங்கும் குறளின் அடுத்த அடி ‘நிற்க’ என்று தொடங்குவது போல. அந்தக் குறளிலேயே கற்க, கசடற என்று முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை, அலிட்டரேஷனுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். சிட்டி, கார் இரண்டும் சி-யில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகாது. கார், கிங் ஆகும்.

எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைக்காது, அதையும் சொல்லிவிடுங்கள். மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் அசைந்ததை, கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோவடிகள் சொல்வார். தற்குறிப்பேற்ற அணி. இதை பெர்சானிஃபிகேஷன், அதாவது மனிதரல்லாததை மனிதர்போலக் காட்டுவது, என்று எழுதினால் பாதிதான் சரி, ஏனென்றால் கொடிக்குக் கை முளைத்தது மட்டுமல்ல, இயல்பாக நடந்ததற்குக் கவிஞர் தன் காரணத்தையும் ஏற்றிவிடுகிறார்.

கே: போட்டித் தேர்வுக்கு லத்தீன் வேர்ச்சொற்கள் 200 படிக்கச் சொல்கிறார்கள். உபயோகம் உண்டா சார்?
- ஒரு வாசகர், கரூர்

ப: உண்டு, ஆனால் 200 வேண்டாம், கண்ணில் படும் சொல்லை உடைத்துப் பார்க்கும் பழக்கம் போதும். லத்தீனில் ‘போர்ட்டாரே’ என்றால் சுமப்பது. ரயில் நிலையத்தில் நம் பெட்டியைத் தூக்கும் போர்ட்டர் அதிலிருந்து வந்தவர். உள்ளே சுமந்தால் இம்போர்ட், வெளியே சுமந்தால் எக்ஸ்போர்ட், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தினால் டிரான்ஸ்போர்ட்.

சரி, இந்தத் தைரியத்தில் ஏர்போர்ட்டைத் தொட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அதில் இருப்பது ‘போர்ட்டுஸ்’, துறைமுகம். பாஸ்போர்ட்டிலும் அதுவே. இதைவிட வேடிக்கை, பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் உள்ள ‘பெட்’ லத்தீனில் பாதம், பீடியாட்ரிஷியனில் உள்ளதோ கிரேக்கத்தில் குழந்தை. வேர்ப் பட்டியலை மட்டும் நம்பினால் குழந்தை மருத்துவரைக் கால் மருத்துவர் ஆக்கிவிடலாம்.

அப்புறம், மேலே திண்டுக்கல் வாசகி கேட்ட மெட்டஃபரும் கிரேக்கச் சொல்தான். அதற்கும் டிரான்ஸ்போர்ட்டுக்கும் அர்த்தம் ஒன்றே, கடத்திக்கொண்டு போவது. கிரீஸில் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிகளில் இன்றும் ‘மெட்டஃபொரேஸ்’ என்று எழுதியிருக்கும். அடிக்கு மலரின் பெயரைக் கொண்டுபோய் வைப்பதும் ஒருவகை வீடு மாற்றல்தானே!

கே: லத்தீனில் டெசெம் என்றால் பத்து. அப்புறம் டிசம்பர் எப்படிப் பன்னிரண்டாவது மாதம்?
- ஒரு மாணவி, தஞ்சாவூர்

ப: பழைய ரோமானியக் கணக்கில் ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அங்கிருந்து விரல் விட்டு எண்ணுங்கள், செப்டம்பர் 7, அக்டோபர் 8, டிசம்பர் 10. ஜூலையும் ஆகஸ்டும் நடுவில் நுழைந்ததால் தள்ளிப்போனது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். அந்த இரண்டும் முன்பே இருந்தவை, குயின்டிலிஸ், செக்ஸ்டிலிஸ் என்ற பெயரில், அதாவது ஐந்தாவது, ஆறாவது. சீசருக்காகவும் அகஸ்டஸுக்காகவும் பெயர்தான் மாறியது. வரிசையைக் குலைத்தது, முன்னால் வந்து உட்கார்ந்த ஜனவரியும் பிப்ரவரியும்.