ராயக்கோட்டை மலை: ரெண்டு லிட்டர் குடிச்சும் தலைசுற்றல்

ராயக்கோட்டை மலை ஏற ரெண்டு லிட்டர் தண்ணி பத்தல, மூணாவது பாட்டில் எடுத்துக்கவான்னு கேட்டீங்க. அதை மட்டும் தூக்கிட்டுப் போனா சரியாகாது. உப்பு சேருங்க, ஏறுற நேரத்தை மாத்துங்க.

ஏப்ரல்ல பதினோரு மணிக்கு ஏறி, வெறும் தண்ணியே குடிச்சும் தலைசுற்றல், தலைவலி, குமட்டல்னு எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் வெயில் களைப்புதான். வியர்வையோட உப்பும் போயிடுது. போதாததுக்கு, சூடேறின பாறை கீழேயிருந்தும் அனல் அடிக்கும்; தொப்பி அதுக்கு உதவாது.

ஓ.ஆர்.எஸ். (தண்ணில கலக்குற உப்பு-சர்க்கரை) பொடி வாங்குங்க. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டா, 200 மில்லிக்கான சின்னதான்னு பாத்துக் கலக்கணும். பொடி இல்லேன்னா லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி.

ஏறுறதுக்கு முன்னாடி சிறுநீர் நிறத்தைப் பாருங்க. அடர் மஞ்சள்னா குடிச்சிட்டுக் கொஞ்சம் பொறுங்க. பத்து மணிக்குள்ள இறங்கிடுங்க.

அடுத்த வாரம் கூட வர்ற அப்பாவுக்கு பி.பி. மாத்திரைன்னீங்களே, அவருக்கு உப்புக் கரைசல் தர்றதுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க. யாருக்காவது பேச்சு குழறினா அது வெறும் களைப்பு இல்ல: நிழல்ல படுக்க வெச்சு, உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறுங்க, உடனே 108. வாயில எதுவும் ஊத்தாதீங்க.

சீக்கிரம்னு சொன்னேன்னு இருட்டுல கிளம்பிடாதீங்க. தேன்கனிக்கோட்டை பக்கமா வந்தா வழியில யானை நடமாட்டம் உண்டு.